வாசாட்ச் மலையடியில் மூன்று படிகள்: எது பிளவு, எது பழைய ஏரிக்கரை?

நிலமுகப்பு (கேள்வி)

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள வாசாட்ச் பிளவைப் (நிலநடுக்கத்தில் இரு பக்க நிலமும் ஒன்றையொன்று கடந்து நகரும் முறிவு) பற்றி லைடார் தரவை, அதாவது வானிலிருந்து லேசர் பாய்ச்சி அளந்த நில உயரங்களை வைத்து ஒரு பயிற்சி செய்கிறேன். எடுத்துக்கொண்ட பகுதி, சால்ட் லேக் சிட்டிக்குத் தென்கிழக்கே லிட்டில் காட்டன்வுட் கேன்யனின் வாயும் அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் மலையடிவாரமும். அரை மீட்டர் கட்டம், செடிகொடிகளையும் கட்டடங்களையும் கழித்த தரை மாதிரி.

மேற்குப் பார்த்த படி போன்ற சரிவுகள் மூன்று தெரிகின்றன. ஒன்று ஏறத்தாழ 1,575 மீ. உயரத்தில் நீளமாகப் போகிறது. இன்னொன்று 1,470 மீ. அருகில். மூன்றாவது ஓரிடத்தில் 1,500 மீ.க்குக் கீழே, ஓரிடத்தில் 1,600 மீ.க்கு மேலே என்று ஏறி இறங்குகிறது. சில இடங்களில் முதல் படியோடு ஒட்டிக்கொண்டு பிரித்தறிய முடியவில்லை. முன்பு இங்கே இருந்து வற்றிப்போன போன்வில் ஏரியின் பழைய கரைகளும் இதே சரிவில் உண்டு என்று தெரியும். எதை எப்படிப் பிரிப்பது?

மூன்றாவது படியை ஒரு வண்டல் விசிறியின் (மலையடியில் ஓடை விசிறிபோலப் பரப்பிய படிவு) மேல், தரை மாதிரியில் குறுக்காக வெட்டிப் பார்த்தேன். படியின் உயரம் 4 மீ., அதிகபட்சச் சாய்வு 28°, படிக்கு மேலும் கீழும் விசிறியின் சாய்வு 10°. அப்படியானால் பிளவு 4 மீ. நகர்ந்தது என்று எழுதலாமா? இந்த வடிவத்தை வைத்து வயது சொல்ல முடியுமா?

கடைசியாக ஒன்று. இவற்றுக்கெல்லாம் மேலே முக்கோண வடிவில் நிற்கும் பெரிய பாறை முகப்புகள்தான் பிளவுத்தளமா? சாய்வு 30° சுற்றித்தான் வருகிறது.

---

சரளைமேடு

முதல் இரண்டும் ஏரிக்கரை, மூன்றாவது பிளவு என்பது நீங்கள் தந்த உயரங்களைப் பார்த்தாலே ஊகிக்க முடிகிறது. ஆனால் ஊகம் போதாது, ஒட்டிக்கொள்ளும் இடங்களில்தான் தவறு நடக்கும்.

போன்வில் ஏரி சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் உச்ச மட்டத்தை எட்டியது. ஐடஹோவில் உள்ள ரெட் ராக் கணவாய் உடைந்து, தண்ணீர் ஸ்நேக் ஆற்றுக்குள் பாய்ந்ததில் மட்டம் 100 மீ.க்கும் மேல் சரிந்தது. பிறகு ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்புவரை ப்ரோவோ மட்டத்தில் நின்றது. உங்கள் 1,575 போன்வில் கரை, 1,470 ப்ரோவோ கரை. இன்றைய கிரேட் சால்ட் ஏரி சுமார் 1,280 மீ.யில் இருக்கிறது. இரண்டு கரைகளுக்கும் இடையில் இன்னும் சில மெல்லிய கோடுகள் தெரியும். ஏரி நிரம்பும்போது சற்று நின்று போன இடங்கள் அவை. அவற்றையும் பிளவு என்று எண்ணிவிடக் கூடாது.

பிரித்தறிய, சாய்வு வரைபடத்தின் மேல் 1 மீ. இடைவெளியில் சமஉயரக்கோடுகளைப் போடுங்கள். ஓடைகள் வெட்டிய இடங்களை மட்டும் பாருங்கள். ஏரிக்கரை சமஉயரக்கோட்டைப் பின்பற்றும். ஆகவே ஓடைப் பள்ளத்துக்குள் நுழையும்போது மலைப் பக்கமாக, அதாவது கிழக்கே உள்வாங்கும். பிளவு மேற்கே சாய்ந்த ஒரு தளம். அது ஓடையைக் கடக்கும்போது மேற்கே, ஓடை இறங்கும் திசையில் வளையும். பிளவு செங்குத்தாக இருக்க இருக்க அந்த வளைவு நேர்கோடாகிவிடும், ஆனால் ஒருபோதும் கிழக்கே உள்வாங்காது. இரண்டும் எதிரெதிர்த் திசை என்பதால், படிகள் ஒட்டிக்கொள்ளும் இடத்தில்கூட ஒரு நல்ல ஓடை கிடைத்தால் பிரித்துவிடலாம்.

அடுத்து, உயரம். 1,600 மீ.க்கு மேலே எந்தப் படியையும் ஏரி வெட்டியிருக்க முடியாது. அங்கே தெளிவாகத் தெரியும் பிளவைப் பிடித்துக்கொண்டு, சந்தேகமான இடத்தை நோக்கிக் கீழே நடத்திக்கொண்டு வாருங்கள். தலைகீழாக, சந்தேகமான இடத்திலிருந்து தொடங்காதீர்கள்.

"கரை என்றால் ஒரே உயரம்" என்ற விதிக்கு இரண்டு விலக்கு உண்டு. ஏரி வற்றியதும் அதன் எடை போய் நிலம் மேலெழுந்தது. படுகையின் நடுவில் உள்ள தீவு மலைகளில் அதே போன்வில் கரை, விளிம்பில் இருப்பதைவிட 70 மீ.க்கும் மேல் உயரத்தில் கிடக்கிறது. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இது பெரிதாகத் தெரியாது, முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு ஒரே எண்ணை வைத்துத் தேடினால் தெரியும். இரண்டாவது, பிளவே கரையை வெட்டியிருக்கலாம். கரைக்கோடு திடீரென்று சில மீட்டர் இறங்கித் தொடர்ந்தால் அதை அளவுப் பிழை என்று ஒதுக்காதீர்கள்.

குறுக்குவெட்டிலும் வேறுபாடு உண்டு. அலை வெட்டிய படியின் காலடியில் ஒரு மட்டமான மேடை இருக்கும், அல்லது அலைகள் கொட்டிய உருண்டைச் சரளை வெளியே பிதுங்கி நிற்கும். பிளவுப் படியில் மேலும் கீழும் ஒரே சாய்வு, ஒரே படிவு. நடுவில் மட்டும் முறிவு. நீங்கள் சொன்ன 10°–28°–10° வெட்டு பிளவுக்குரியதுதான்.

வேறு மூன்று போலிகளையும் கவனியுங்கள். நிலச்சரிவின் தலைப்பகுதி, மேலிருந்து பார்த்தால் பிறைபோல வளைந்திருக்கும், கீழே கரடுமுரடான மேடுபள்ளம் இருக்கும். ஆற்றுப்படிகள் ஓடையோடு சேர்ந்து வளையும். பழைய பாசனக் கால்வாய் கரை சமஉயரக்கோட்டோடு மிக மிக மெல்லிய இறக்கத்தில் போகும்; ஏரிக்கரையாகத் தவறாக எண்ண இதைவிட வசதியான பொருள் கிடையாது. சாலை வெட்டு, சரளைக் குவாரி விளிம்பு இவை பழைய வான்படங்களோடு ஒப்பிட்டால் கழிந்துவிடும்.

தரை மாதிரியின் மேல் செயற்கை ஒளி பாய்ச்சி எடுக்கும் நிழல்படத்தில் ஒரு திருத்தம்: மென்பொருள் தானாக எடுக்கும் வடமேற்கு ஒளி மேற்குப் பார்த்த படிகளை வெளுக்க வைத்துவிடும். கிழக்கிலிருந்து 25–30° உயரத்தில் இன்னொரு ஒளி கொடுத்து இரண்டாவது படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்குப் பார்த்த படிகள் இருளாக விழும், கிழக்குப் பார்த்த எதிர்ச்சரிவுப் பிளவுகள், அதாவது முக்கியப் பிளவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த சிறு பிளவுகள், வெளிச்சமாகத் தெரியும்.

---

கிடைமட்டம்

அளவு பற்றி. 4 மீ. என்று எழுதாதீர்கள், அது படியின் உயரம், பிளவின் நகர்வு அல்ல. உங்கள் எண்களையே வைத்துப் போடுகிறேன்.

படி 4 மீ. உயரம், 28° சாய்வு என்றால் அதன் கிடை அகலம் 4 ÷ டேன் 28° = 4 ÷ 0.532 = 7.5 மீ. பிளவே இல்லாவிட்டாலும் அந்த 7.5 மீ. தூரத்தில் 10° விசிறி 7.5 × 0.176 = 1.3 மீ. இறங்கியிருக்கும். அதைக் கழித்தால் செங்குத்து இடைவெளி சுமார் 2.7 மீ.

இதுவும் பிளவின் இறக்கம் அல்ல. கீழிறங்கிய பக்கம் நேராக விழவில்லை. சாய்ந்த தளத்தின் மேல் வழுக்கி வெளிப்பக்கமாகவும் போனது. சரிவான நிலத்தில் வெளியே போன அளவு, செங்குத்து இடைவெளியைக் குறைத்துக் காட்டும். எனவே உண்மையான இறக்கம் = செங்குத்து இடைவெளி ÷ (1 − நிலச்சாய்வின் டேன் ÷ பிளவுச்சாய்வின் டேன்). பிளவின் சாய்வு 60° என்றால் இறக்கம் 3.0 மீ., தளத்தின் வழியே வழுக்கிய தூரம் 3.0 ÷ சைன் 60° = 3.4 மீ. 50° என்று வைத்தால் 3.1 மீ. இறக்கம், 4.1 மீ. வழுக்கல். பத்து டிகிரி சந்தேகம் வழுக்கலில் 70 செ.மீ. வித்தியாசம் தருகிறது. அதனால் இறக்கத்தை முதன்மையாக எழுதுங்கள். வழுக்கலை எழுதினால் எந்தச் சாய்வை எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

குறுக்குவெட்டு எடுப்பதில்தான் பெரிய பிழைகள். வெட்டு படிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் சாய்வுக் கோணம் குறைந்து வரும், படி வயதானதுபோல் தோன்றும். இரண்டு பக்கமும் குறைந்தது 100 மீ. நீட்டுங்கள். படிக்குப் பக்கத்திலேயே சாய்வை அளந்தால் மேல் விளிம்பின் உருண்டையும் கீழே சேர்ந்த மண்ணும் உங்களை ஏமாற்றும். ஓடை வெட்டிய இடமும் ஓடை மண் கொட்டிய இடமும் வேண்டாம். ஒரு விசிறியில் ஐந்தாறு வெட்டுகளாவது எடுத்து, சராசரியைவிட வீச்சைக் காட்டுங்கள்.

லைடாரின் உயரப் பிழை பத்து செ.மீ. அளவில்தான். உங்கள் பிழை வரப்போவது கோட்டை நீட்டுவதிலிருந்து. சாய்வில் அரை டிகிரி தவறினால், 50 மீ. நீட்டும்போது 45 செ.மீ. தவறு. மேலே 10°, கீழே 7° என்று இரு பக்கமும் இணையாக இல்லாவிட்டால், பிளவை எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அப்போது படியின் அடி, நடு இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்து இரண்டு விடையையும் கொடுங்கள்.

இதெல்லாம் ஒற்றைப் படி இருக்கும் இடத்துக்கு. கேன்யன் வாயில் உள்ள மொரெய்ன்களில் (பனியாறு கொட்டிவிட்டுப் போன கல்மண் மேடுகள்) இந்தக் கணக்கைப் போட்டால் வீணாகும். அங்கே மேற்குப் பார்த்த பெரிய படிக்கு எதிரே கிழக்குப் பார்த்த படிகள், நடுவில் கிராபென் என்ற அமிழ்ந்த பள்ளம், அதற்கும் மேற்கே பிளவை நோக்கிப் பின்சாய்ந்த நிலம். பெரிய படியின் உயரத்தை மட்டும் எடுத்தால் உண்மையான நகர்வைவிடப் பல மடங்கு வரும். கிராபெனையும் பின்சாய்வையும் முழுக்கத் தாண்டி, பாதிக்கப்படாத மொரெய்ன் முகட்டை இரு பக்கமும் பிடித்து நீட்டினால்தான் நிகர அளவு கிடைக்கும். முகடு மேற்கே போகப் போக இயல்பாகவே தாழும் என்பதால் அதிலும் பெரிய வரம்பு வரும்; அதை மறைக்க வேண்டாம்.

வயது: ஒரே நிலநடுக்கத்தில் உருவான படி என்றால், படியின் கூர்மை காலப்போக்கில் தேய்ந்து மழுங்குவதைக் கணக்கிடும் டிஃப்யூஷன் சமன்பாட்டில் போடலாம். செங்குத்து இடைவெளியில் பாதி 1.34 மீ. நடுச்சாய்வின் டேனில் நிலச்சாய்வின் டேனைக் கழித்தால் 0.356. முதலில் படி செங்குத்தாக இருந்தது என்று கொண்டால், 1.34 ÷ 0.356-ஐ வர்க்கம் செய்து π-ஆல் வகுக்க 4.5 ச.மீ. வருகிறது. போன்வில் கரைப் படிகளிலிருந்து பெறப்பட்ட தேய்மான வேகம் ஆயிரம் ஆண்டுக்கு 1.1 ச.மீ. ஆக, சுமார் 4,000 ஆண்டு.

உங்களைக் குழப்பிய அதே ஏரிக்கரைகள்தான் இங்கே அளவுகோல் என்பதைக் கவனியுங்கள். அவற்றின் வயது தெரியும், படிவும் காலநிலையும் இதே. அதனால்தான் இந்த முறை வாசாட்சில் ஓரளவு எடுபடுகிறது.

---

அகழிக்காரர்

அந்த 4,000-ஐ அப்படியே அறிக்கையில் எழுதிடாதீங்க. தளர்ந்த சரளை செங்குத்தா நின்னுக்கிட்டே டிஃப்யூஷன் கணக்குப்படி தேயாது. முதல்ல இடிஞ்சு விழுந்து, தானா நிக்கிற கோணத்துக்கு வரும்; அது 33° சுற்றி. அதுக்கப்புறம்தான் மழையும் மண்ணுயிரிகளும் மெதுவா தேய்க்கிற கட்டம். அந்த 33°-ஐத் தொடக்கமா வச்சுப் போட்டா அதே படிக்கு 2,700 ஆண்டுதான் வருது. முதல் கோணத்துக்கு என்ன எடுக்கிறோம்ங்கிறதுலேயே மூணுல ஒரு பங்கு போயிடுது.

இன்னொரு ஆபத்து, ஒரே நிலநடுக்கம்ங்கிற அனுமானம். வாசாட்சில ஒரு பெரிய நிலநடுக்கத்துக்குப் பொதுவா ஒண்ணுலேர்ந்து மூணு மீட்டர் வரை இறக்கம். ஒப்பிட, ஐடஹோவின் போரா பீக்ல 1983-ல அதிகபட்சம் சுமார் 2.7 மீ. உங்க 3 மீ. ஒரு பெரிய நிகழ்வா இருக்கலாம், ரெண்டு சின்ன நிகழ்வாவும் இருக்கலாம். வெட்டுல சாய்வு ஒரே வளைவா இருக்கா, இல்ல அடியில செங்குத்தாவும் மேல்பாதி மட்டமாவும் ரெண்டு துண்டா முறியுதான்னு பாருங்க. முறிஞ்சா மேல்பாதி பழசு, அடிப்பாதி புதுசு. முறிவு தெரியலேன்னா ஒரே நிகழ்வுன்னு நிரூபணம் ஆயிடாது. முதலாவது ஏற்கெனவே தேய்ஞ்சு கலந்திருக்கலாம்.

உறுதியான வயசு வேணும்னா படிக்குக் குறுக்கே அகழி வெட்டித்தான் ஆகணும். இடத் தேர்வுலேயே பாதி வெற்றி. ஒற்றைப் படி, 3–5 மீ. உயரம், கீழ்ப்பக்கம் மெல்லிய மண் படிஞ்சுக்கிட்டே இருக்கிற விசிறி. இது நல்ல இடம். பத்து மீட்டர் படி கண்ணுக்கு அழகா இருக்கும், ஆனா பழைய நிகழ்வோட மண் அவ்வளவு ஆழத்துல கிடக்கும், எந்திரக் கை எட்டாது. மொரெய்ன்ல பாறாங்கல் தொல்லை. சுவர் நேரா நிக்காது, அடுக்கும் பிரியாது.

வெட்டுறதுக்கு முன்னாடி 811-க்குக் கூப்பிட்டு நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறிக்கச் சொல்லணும். 1.5 மீ. ஆழத்தைத் தாண்டினா அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதிப்படி சுவர்ப் பாதுகாப்பு கட்டாயம், 6 மீ. தாண்டினா பொறியாளர் வடிவமைப்பு. விசிறிச் சரளை பெரும்பாலும் ‘சி’ வகை மண்ணுக்குள்ள வரும். அதுல படிப்படியா வெட்டுற முறைக்கு அனுமதி இல்ல; ஒண்ணரைக்கு ஒண்ணு சாய்வு, இல்லாட்டி தாங்குசட்டம். அள்ளின மண் விளிம்பிலேர்ந்து 60 செ.மீ. தள்ளியே இருக்கணும். ஏணி எங்கே நின்னாலும் 7.5 மீ.க்குள்ள இருக்கணும். இதைப் படிக்காம ஆழமா வெட்டிட்டு உள்ளே இறங்குறவங்கதான் புதைஞ்சு போறாங்க.

சுவரைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, ஒரு மீட்டர் கட்டத்துல நூல் கட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் நேரா படம் எடுத்து ஒட்டணும். நீங்க தேடுறது மண் ஆப்பு: நிலநடுக்கத்துல நின்ன செங்குத்து முகம் இடிஞ்சு, பிளவோரம் தடிச்சு, பள்ளத்தாக்குப் பக்கம் மெலிஞ்சு போன குவியல். அடிப்பகுதி கட்டி கட்டியா கல்லும் மண்ணும், மேல்பகுதி மழை அடிச்சுக் கொண்டுவந்த மெல்லிய மண், அதுக்கு மேல உருவான கருமண். ஒரு நிகழ்வுக்கு ஒரு ஆப்பு. ஆப்போட அதிகபட்சத் தடிமன் அந்த முகத்தோட உயரத்துல பாதி சுற்றி வரும், 1.2 மீ. ஆப்பு கண்டா 2.4 மீ. முகம்னு முதல் மதிப்பீடு வைக்கலாம். மூணு ஆப்பு இருக்கு, கூட்டிப் பார்த்தா மொத்த இறக்கத்தைவிட ரொம்ப அதிகம் வருதுன்னா, ஏதோ ஒரு ஓடைப் படிவை ஆப்புன்னு எண்ணியிருக்கீங்க.

மாதிரி எடுக்கிற இடம்தான் விடையைத் தீர்மானிக்குது. ஆப்புக்கு அடியில புதைஞ்ச கருமண்ணோட மேல் சில செ.மீ. நிகழ்வுக்கு முந்தின வயசு தரும். ஆப்புக்கு மேல உருவான மண் பிந்தின வயசு. உண்மை ரெண்டுக்கும் நடுவில. கதிரியக்கக் கரிம முறையில வயசு பார்க்கக் கரித்துண்டு கிடைச்சா நல்லது, ஆனா மேலேர்ந்து அடிச்சு வந்த பழைய கரியா இருக்க வாய்ப்புண்டு. வளைக்குள்ள விழுந்த புதுக் கரியாவும் இருக்கலாம். மொத்த மண்ணை எடுத்தா, அந்த மண் உருவான நூற்றாண்டுகள் எல்லாம் கலந்த சராசரிதான் வரும், திருத்தம் போட்டே ஆகணும். ஒளிர்வு முறைக்கு (மண் கடைசியா வெயில் பார்த்து எவ்வளவு காலம் ஆச்சுன்னு அளக்கிறது) ஆப்போட அடிக் கட்டிகளை எடுக்காதீங்க. சில நொடியில விழுந்த மண், வெயிலையே பார்த்திருக்காது, வயசு எக்கச்சக்கமா கூடி வரும். மேல் மெல்லிய மண்ணும் காற்றடி வண்டலும்தான் அதுக்குச் சரி.

இப்படி பல அகழிகள் சேர்ந்துதான் வாசாட்ச் பிளவோட நடு ஐந்து துண்டுகள்ல, அதாவது பிரிகம் சிட்டி, வெபர், சால்ட் லேக் சிட்டி, ப்ரோவோ, நீஃபை, கடந்த சுமார் 6,000 ஆண்டுல குறைஞ்சது 22 நிலநடுக்கம் தரையை வெட்டியிருக்குன்னு தெரிஞ்சது. மொத்தத்துல ஏறத்தாழ 300 ஆண்டுக்கு ஒண்ணு, தனித்தனித் துண்டுக்கு 900–1,300 ஆண்டு. படியோட வடிவத்தை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தா இந்த எண் கிடைச்சிருக்காது.

---

கிடைமட்டம்

தொடக்கக் கோணம் பற்றிச் சொன்னது சரி. 2,700–4,000 என்று வரம்பாகத் தருவதே முறை. ஆனால் வடிவ முறையை ஒதுக்கவும் வேண்டாம். ஒரே விசிறியில் இரண்டு படிகள் இருந்தால் எது இளையது என்று சொல்ல இது போதும், அகழி எங்கே வெட்டலாம் என்று முடிவு செய்யவும் போதும். ஒரே நிபந்தனை, ஒரே உயரமும் ஒரே திசையும் உள்ள படிகளைத்தான் ஒப்பிட வேண்டும். தெற்குப் பார்த்த படியும் வடக்குப் பார்த்த படியும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. உயரமான படி தாழ்ந்ததைவிட வேகமாகத் தேயும்.

---

பாறைமுகம்

முக்கோண முகப்புகள் பற்றி யாரும் தொடவில்லை. அவை பிளவுத்தளம் அல்ல. பிளவுத்தளத்தின் தேய்ந்த எச்சம்.

மலைப்பக்கம் மேலேற, ஓடைகள் அதைக் குறுக்காக அறுத்துக்கொண்டே வருகின்றன. இரண்டு ஓடைகளுக்கு நடுவே மிஞ்சும் மலைக்கிளையின் முனையைப் பிளவு வெட்டிவிடுவதால் அது முக்கோணமாக நிற்கிறது. பிளவு தரைமட்டத்தில் 50–60° சாய்ந்திருக்கிறது. முகப்போ 30° சுற்றி. மேல்பகுதி பல லட்சம் ஆண்டுகளாக வெளியே நின்று அரிபட்டதால் வந்த வேறுபாடு அது. ஆகவே முகப்பின் 30°-ஐப் பிளவின் சாய்வாக எடுத்து மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் வழுக்கல் ஏறக்குறைய இருமடங்காகிவிடும். இந்தத் தவறு மாணவர் அறிக்கைகளில் மட்டும் வருவதில்லை.

முகப்புகளின் அடிக்கோடு பிளவு ஓடும் திசையைக் காட்டும். ஆனால் இன்று அசையும் கோடு அதிலிருந்து மேற்கே தள்ளி, சரளைக்குள் இருக்கலாம். அடிப்பாறையும் சரளையும் சந்திக்கும் கோட்டையே பிளவு என்று வரைந்துவிடாதீர்கள்.

மலைமுகப்பின் உயரமும் நேரடியாக நகர்வைச் சொல்லாது. உங்கள் பகுதிக்கு மேலே லோன் பீக் 3,430 மீ.; பள்ளத்தாக்கின் தரை 1,300–1,400 மீ. கண்ணுக்குத் தெரிவது 2 கி.மீ. அளவு. பள்ளத்தாக்கின் அடியில் ஒரு கி.மீ.க்கும் மேல் படிவு நிரம்பிக் கிடக்கிறது, மலை உச்சியிலிருந்து அரித்துப்போன பாறை வேறு. லிட்டில் காட்டன்வுட்டின் வெளிர் கிரானைட் போன்ற பாறை, சரியாகச் சொன்னால் குவார்ட்ஸ் மான்சோனைட், சுமார் 3 கோடி ஆண்டு பழையது. பிளவோரப் பாறையின் கனிமங்களுக்குள் சிக்கிய நீர்மக் குமிழிகளின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஆராய்ந்ததில், அது ஏறத்தாழ 11 கி.மீ. ஆழத்திலிருந்து வந்திருக்கிறது என்ற மதிப்பீடு உண்டு; அந்த ஏற்றம் சுமார் 1.7 கோடி ஆண்டுகளில் நடந்தது. கிழக்கே போகப் போக அந்த ஆழம் குறைகிறது, ஏனென்றால் மலைப்பக்கம் முழுவதும் கிழக்கே சாய்ந்தபடியே ஏறியது.

பிளவோரத்தில் அந்தப் பாறையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: நொறுங்கி, குளோரைட், எபிடோட் என்ற கனிமங்கள் ஏறிப் பச்சையாக மாறியிருக்கும். கேன்யனுக்குள் போனால் அதே பாறை உறுதியாகச் செங்குத்துச் சுவராக நிற்கிறது. அந்தச் சுவர்களைப் பனியாறு செதுக்கியது. பிளவுக்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. "வாசாட்ச் பிளவின் செங்குத்துப் பாறைகள்" என்று படம் போடுபவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் போடுகிறார்கள்.

பிளவுத்தளத்தையே காண வேண்டுமானால் சால்ட் லேக் சிட்டியின் வட முனையில், வெந்நீர் ஊற்றுகளுக்கும் சரளைக் குவாரிகளுக்கும் அருகே, மெருகேறி வரி விழுந்த பாறைப்பரப்பு துண்டு துண்டாக வெளியே தெரியும். அந்த வரிகள் தளத்தின் சாய்வோடு கீழ்நோக்கி இறங்குகின்றன. பக்கவாட்டில் அல்லாமல் நேராகக் கீழே வழுக்கிய பிளவு என்பதற்கு அதுவே சான்று.

சாய்வு விஷயத்தில் இன்னொன்று. தரையில் 50–60° என்பது ஆழத்துக்கும் பொருந்தும் என்று கொள்ளாதீர்கள். 2020 மார்ச் 18 அன்று நகருக்கு மேற்கே மேக்னாவில் வந்த 5.7 அளவு நிலநடுக்கத்தின் மையமும் பின்னதிர்வுகளும், பிளவு ஆழத்தில் மட்டமாகி நகரத்துக்கு அடியில் போகிறது என்ற விளக்கத்துக்கு வலுச் சேர்த்தன. அந்த நிலநடுக்கம் தரையை வெட்டவில்லை. உங்கள் லைடாரில் அதைத் தேட வேண்டாம்.

---

நிலமுகப்பு

ஓடைச் சோதனை செய்து பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு ஓடைகளில் மேல் படி கிழக்கே உள்வாங்குகிறது, அதற்குச் சற்றுக் கீழே உள்ள படி கிட்டத்தட்ட நேராகக் கடக்கிறது. பிரிந்துவிட்டது. முக்கியப் படிக்கு 40 மீ. மேற்கே, கிழக்குப் பார்த்த அரை மீட்டர் படி ஒன்றும் கிழக்கு ஒளியில் தெரிகிறது. இதையும் பிளவு வரைபடத்தில் சேர்க்கலாமா? அதோடு, கட்டடத் தடை எல்லை வரைவதானால் எந்தக் கோட்டிலிருந்து அளப்பது?

---

சரளைமேடு

அந்த அரை மீட்டர் படி முக்கியப் படிக்கு இணையாக ஓடி, இரண்டுக்கும் நடுவே நிலம் தாழ்ந்திருந்தால் எதிர்ச்சரிவுப் பிளவுதான், சேருங்கள். சில பத்து மீட்டர் ஓடி மறைந்தால், புள்ளிக்கோடாக மட்டும் காட்டுங்கள். ஓக் புதர் அடர்ந்த இடங்களில் தரை மாதிரியை வடிகட்டும்போது இப்படிப் பொய்ப் படிகள் வருவதுண்டு. மூலப் புள்ளிகளில் தரைப் புள்ளி எத்தனை விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இது உறுதியானால் நீங்கள் அளந்த 3 மீ.யிலும் கைவைக்க வேண்டும். வெட்டை இந்தச் சிறு படிக்கு மேற்கே கொண்டுபோய் மறுபடி போடுங்கள், எண் குறையும்.

எல்லை விஷயத்தில் இரண்டைக் குழப்ப வேண்டாம். யூட்டாவில் நன்கு தெரிந்த பிளவுக்குச் சிறப்பாய்வுப் பகுதி என்று வரைவது கீழிறங்கிய பக்கம் 500 அடி, மேலேறிய பக்கம் 250 அடி. அது கட்டடத் தடை அல்ல. அதற்குள் கட்டுவதானால் முதலில் பிளவாய்வு செய்ய வேண்டும் என்ற வளையம். கீழ்ப்பக்கம் இருமடங்கு இருப்பதற்குக் காரணம் நீங்கள் இப்போது கண்ட மாதிரியான எதிர்ச்சரிவுப் பிளவும் கிராபெனும்தான். கட்டடத்தை எவ்வளவு தள்ளி வைப்பது என்பது அகழியில் பிளவு எங்கே, எத்தனை கிளையாக, எவ்வளவு இறக்கத்தோடு வருகிறது என்று கண்ட பிறகு, அடித்தள ஆழத்தையும் சேர்த்துக் கணக்கிடும் தனி எண். லைடாரில் வரைந்த கோட்டிலிருந்து அதை அளக்க முடியாது.